இரண்டாம் எண்ணிக்கை

ஆளுநரை நாமே தெரியலாம் என்று
சட்டம் வந்த முதல் வருடம்.
பன்னிரண்டு பேர் நின்றார்கள்,
ஒருவருக்கும் பாதி வரவில்லை.
விடிய நாலரைக்கு அறிவித்தார்கள்:
பத்துப் பேர் விழுந்தார்கள்,
விளக்கும் படகும் மிச்சம்.
விழுந்தவர்களின் கட்டுகளை
மீண்டும் அவிழ்க்கச் சொன்னார்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடம்.
ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசை
முழங்காலை இடிக்கிறது.
யாரோ அழிக்க மறந்த பின்னக் கணக்கு
கரும்பலகையில் இரவு முழுக்க
விடையில்லாமல் நிற்கிறது.
மீன் பணிஸின் எண்ணெய்
சீட்டில் பட்டுவிடக் கூடாதென்று
சேலைத் தலைப்பில் மூன்று தரம் விரல் துடைத்தேன்.

குடைக்குப் போட்டவர்களின் கட்டு எனக்கு.
குடையின் முகவர் அன்சலம்,
ஜம்பட்டா வீதியில் டயர் கடை,
வீட்டுக்குப் போயிருக்கலாம்.
பெட்டி எடுத்த பிறகும் செத்த வீட்டில்
கதிரை அடுக்க நிற்கிறவர் போல நின்றார்.
"நம்ம ஆளுங்க ரெண்டாவதா
யாரச் சொல்லியிருக்காங்கன்னு
பாத்துட்டுப் போறேன் மிஸ்."

வெறுமை. வெறுமை. மறுபடி வெறுமை.
ஒன்றைப் போட்டுவிட்டு
எழுந்து போனவர்கள்தான் அதிகம்.
இவர் இல்லாவிட்டால் எவர் என்பது
கலியாண வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி போல
மற்றக் கட்டங்களைத் தொடாமல் விட்டிருந்தார்கள்.
இடைக்கிடை ஒரு 2,
பேனையை அழுத்தாமல், மனசில்லாமல்.

என் வாக்கும் குடைக்குத்தான்.
சொல்லக் கூடாது. சொல்கிறேன்.
தபாலில் போனது அது,
வேறோர் அறையில் வேறொருத்தி அவிழ்ப்பாள்.
மூக்கைப் பொத்திக்கொண்டு
படகுக்குப் போட்ட என் 2
இனி எழுந்து நடக்கும்.
ஆசையாய்ப் போட்ட 1
இறப்பர் பட்டிக்குள் கிடக்கும்.

ஐந்தே காலுக்கு அந்தச் சீட்டு வந்தது.
குடைக்கு நேரே 1.
விளக்குக்கு நேரே
ஒரு உ.
தலை சுழித்துக் கால் நீட்டி
கையெடுக்காமல் இழுத்த ஒற்றைக் கோடு.

"மிஸ், மே மொகத்த?"
ஜயலத் சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ரெண்டு. தமிழ் ரெண்டு"
விளக்கின் முகவர் றிஸ்மின்.
"ரெண்டுமில்லை ஒண்டுமில்லை, பிள்ளையார் சுழி.
தினமும் சிட்டை எழுதுறவன், எனக்குத் தெரியாதா?"
படகின் முகவர் ஞானப்பண்டிதர்.
உத்தியோகத்தரில் தமிழ் வாசிப்பவள் நான் ஒருத்தி.
மின்விசிறியைக் கூட யாரோ நிறுத்தினார்கள்,
சீட்டுப் பறக்காமலிருக்க.

இரண்டும் சரி.
செட்டியார் தெருவில் எங்கோ ஒரு நகைக்கடைக் கணக்கர்,
வெற்றுக் கட்டத்தைக் கண்டதும்
கை தன் பாட்டில் சுழித்திருக்கும்.
அல்லது பஞ்சாங்கம் பார்க்கும் ஒருத்தி
இந்த ஒரு இலக்கத்தையாவது
என் மொழியில் போடுகிறேன் என்று போட்டிருப்பாள்.
அப்படியானால் ஒன்றை ஏன் போடவில்லை?
ஒருவேளை துணிவு
இரண்டாவதில்தான் வந்ததோ.
ஒருவேளை நினைத்த ஆள் வெல்லமாட்டார் என்று
எழுதும்போதே தெரிந்து,
அடுத்ததையாவது
விக்கினம் இல்லாமல் தொடங்குவோம் என்று
சுழி போட்டாரோ.
சுழி என்றால் செல்லாது.
இரண்டு என்றால் என் படகுக்கு எதிர்.

"தெக்கய் சேர்," என்றேன். இரண்டு.
ஞானப்பண்டிதர் என்னை
ஒரு கள்ளிபோலப் பார்த்தார்.

மத்தியானம் முடிவு சொன்னார்கள்.
நாற்பதாயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.
அந்தச் சுழி
எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும்
காலி வீதியில் ஒரு பஸ்கூடப் பிந்தியிராது.
வாசலில் பட்டாசு,
வென்றவர்களின் ஓட்டோக்கள்.

படியில் அன்சலம் காத்திருந்தார்.
கடை பில்லின் பின்பக்கம் முழுக்கக் கோடுகள்,
ஐந்தைந்தாகக் குறுக்கே வெட்டி.
"அந்த உ போட்ட சீட்டு மிஸ்,
ரெண்டு யாருக்குன்னு அவ்வளவு நேரம் பேசினீங்க.
அதில ஒண்ணு
நமக்குத்தானே?"
"உங்களுக்குத்தான்."
"தெளிவா?"
"தெளிவா."
பில்லைத் திருப்பிப் பிடித்து
இன்னொரு கோடு போட்டார்.